வெற்றிலையில் தெரிந்த சிவப்புச் சேலை

மட்டக்களப்பில் பிறந்த யாரும் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போனால் ஒரு பேச்சிலிருந்து தப்ப முடியாது. ஊர் எது என்று கேட்பார்கள். சொன்னவுடன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "அப்படியென்றால் உங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கப் பயம்தான். பாயோடு ஒட்ட வைத்துவிடுவீர்களே" என்பார்கள். தொழிலுக்காக இங்கே வந்த வெளியூர் ஆண்கள் இங்கேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டதற்கு ஊர் கற்பித்த காரணம் அது. மட்டக்களப்புப் பெண்களுக்கு மந்திரமும் மருந்தும் தெரியும், அதனால்தான் போனவன் திரும்பவில்லை என்பது கதை. வாவியும் வயலும், பெண்ணுக்கு வீடும் காணியும் சீதனமாய்க் கொடுக்கும் குடிவழக்கமும் ஒருவனைத் தங்க வைக்கப் போதாதா என்று யாரும் கேட்பதில்லை. சொல்பவர்கள் பகையோடு சொல்வதில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஐரோப்பாவின் சூனியக்காரி வேட்டைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை. காரணம் விளங்காத ஒன்றுக்கு ஒரு பெண்ணைக் காரணமாக்குவது என்ற கணக்கு அங்கும் இங்கும் ஒன்றுதான்.

ஏறத்தாழ 1450 முதல் 1750 வரையான முந்நூறு ஆண்டுகளில், ஐரோப்பாவிலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். இதை இருண்ட காலத்து அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அச்சு இயந்திரம் வந்த பிறகுதான் வேட்டை பெருகியது. கலிலியோ தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்த அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் சிறு நகரங்களில் பெண்களை எரித்துக்கொண்டிருந்தார்கள். கடுங்குளிரில் பயிர் கருகிய ஆண்டுகளும் போர்க் காலங்களும் வேட்டைக்குத் தீனி போட்டன.

மேலிடத்து உத்தரவால்தான் எல்லாம் நடந்தது என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலும் முதல் சொல் அயல் வீட்டிலிருந்து வந்தது. ஒரு கிழவி பால் கேட்டு வருகிறாள். வீட்டுக்காரி இல்லையென்று அனுப்பிவிடுகிறாள். கிழவி முணுமுணுத்தபடி போகிறாள். அடுத்த வாரம் கன்று செத்துப்போகிறது, அல்லது பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. கொடுக்காமல் விட்ட குற்ற உணர்வு, பிள்ளையின் நோய், அந்த முணுமுணுப்பு மூன்றும் சேர்ந்து ஒரு வழக்காகிவிடும். நாவூறு, கண்ணூறு என்று நாம் சொல்லும் பயத்துக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. நாம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கே அது நீதிமன்றம் வரை போனது.

அமெரிக்காவின் சேலம் கிராமத்தில் 1692இன் தொடக்கத்தில் சில சிறுமிகளுக்கு வலிப்பும் அலறலும் வந்தன. யார் செய்தது என்று பெரியவர்கள் கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலில் சொல்லப்பட்டவர்கள் மூன்று பேர்: திதுபா என்ற அடிமைப் பெண், பிச்சையெடுத்துப் பிழைத்த சாரா குட், நோயில் கிடந்த சாரா ஆஸ்போர்ன். மூவரிலும் பரிந்து பேச ஆளுள்ளவர் ஒருவரும் இல்லை. வழக்கு நடந்த முறைதான் கவனிக்க வேண்டியது. குற்றம் சாட்டப்பட்டவர் சம்பவ நேரத்தில் வீட்டில் படுத்திருந்தார் என்று பத்துப் பேர் சாட்சி சொன்னாலும் பயனில்லை. அவருடைய ஆவியுருவம் வந்து கிள்ளியது, கடித்தது என்று சிறுமி சொன்னால் நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்றது. அந்த உருவம் சிறுமியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாரும் பார்க்க முடியாது. மறுக்கவும் முடியாது.

இந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன். நான் அந்தச் சிறுமியின் இடத்தில் இருந்தவன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு கிழமை இருந்தது. வீட்டில் மாவிடிப்பும் பலகாரச் சூடும் நடந்துகொண்டிருந்தன. அம்மம்மாவின் தங்கக் காப்பு ஒன்று காணாமல் போனது. பெட்டகத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், கிணற்றடி மண்ணை அரித்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மாலையில் மை பார்க்க ஒருவரைக் கூட்டி வந்தார்கள். மை பார்ப்பதற்குச் சிறு பிள்ளை வேண்டும், பிள்ளையின் கண் களங்கமில்லாதது என்பார்கள். என்னைக் குளிக்க வைத்து, விளக்கின் முன் கிழக்கு நோக்கி இருத்தி, கையில் ஒரு வெற்றிலையை வைத்தார்கள். அதன் நடுவில் கறுப்பு மை, ஐந்து சதக் குற்றியளவு. மேலே எண்ணெய் தடவியிருந்ததால் விளக்கின் சுடர் அதில் ஆடியது.

"முதலில் அனுமார் வருவார். வந்தாரா, மனே?"

வரவில்லை என்றேன். மந்திரம் தொடர்ந்தது. மறுபடி கேட்டார். இல்லை. என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அம்மம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது வந்துவிட்டார் என்றேன். கூட்டம் முழுவதும் மூச்சு விட்டது. அந்த மூச்சின் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதன் பிறகு எல்லாம் எளிதாக இருந்தது. "பெட்டகத்துக்குக் கிட்ட ஆள் நிற்கிறதா?" நிற்கிறது. "ஆணா, பெண்ணா?" பெண். "என்ன நிறச் சேலை?" சுடர் சிவப்பாகத்தான் ஆடிக்கொண்டிருந்தது. சிவப்பு என்றேன்.

மாவிடிக்க வந்துபோன ஒரு மாமி இருந்தார். புருஷனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். அவரிடம் சிவப்புச் சேலை ஒன்று இருந்தது. பெயரை நான் சொல்லவில்லை, பெரியவர்கள்தான் சொன்னார்கள். வெகுகாலம் அதையே எனக்கு ஆறுதலாக வைத்திருந்தேன். மாமி கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். கள்ளிதான் துணிந்து சத்தியம் பண்ணுவாள் என்றார்கள். அழுதார். நடிப்பு என்றார்கள். அடுத்த நாள் வராமல் இருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்றார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டவர்கள், புகையை மூட்டியது ஒன்பது வயதுப் பிள்ளையின் வாய் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே சேலத்துச் சிறுமிகளைப் பொய்க்காரிகள் என்று ஒரே சொல்லில் முடிக்க என்னால் ஆகாது. பெரியவர்கள் ஒரு விடைக்காக நெருக்கிக்கொண்டு நிற்கும்போது பிள்ளை விடையைக் கொடுக்கிறது. கொடுத்த விடையை நம்பியும் விடுகிறது. சிவப்புச் சேலையை நான் கண்டேன் என்று பல வருடங்கள் உண்மையாகவே நம்பினேன்.

சேலத்தில் 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்காட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைப் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையில் செத்தவர்கள் வேறு. சாரா குட்டின் நான்கைந்து வயது மகளையும் விலங்கிட்டுச் சிறை வைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் உறுதியாய் நின்றவர்களில் ஒருவரையும் தூக்கிலிடவில்லை. நான் செய்யவில்லை என்று கடைசிவரை சொன்னவர்களுக்குத்தான் கயிறு. பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் சாவு என்று ஒரு நீதிமன்றம் விதி வைத்தால் சிறையில் உள்ளவர்கள் எதைக் கற்பார்கள்?

ரெபெக்கா நர்ஸ் என்ற மூதாட்டிக்கு 71 வயது. ஊரார் 39 பேர் அவருக்காக மனுவில் கையெழுத்திட்டார்கள். யூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். சிறுமிகள் அலறினார்கள், தலைமை நீதிபதி தீர்ப்பை மீண்டும் யோசிக்கச் சொன்னார். ரெபெக்கா சொன்ன ஒரு வார்த்தைக்கு விளக்கம் கேட்டார் யூரிகளில் ஒருவர். அந்த மூதாட்டிக்குக் காது மந்தம். கேள்வி விழவில்லை. அவர் பேசாமல் நின்றதையே குற்றத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொண்டு தீர்ப்பை மாற்றினார்கள். 1692 ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் 1628இல் நடந்தது இதைவிடக் கொடியது. யொஹானஸ் யூனியஸ் அந்த நகரத்தின் மேயர். பெருவிரல்களைத் திருகாணியில் நசுக்கினார்கள், கைகளைப் பின்னால் கட்டித் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். கடைசியில் தண்டனை நிறைவேற்றுபவனே அவரிடம் கெஞ்சினான்: ஐயா, கடவுளுக்காக எதையாவது ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாததைக் கற்பனை செய்தாவது சொல்லுங்கள், இனி வரப்போகும் வதையை உங்களால் தாங்க முடியாது. யூனியஸ் ஒரு கதையைக் கட்டினார். அது போதவில்லை. கூட்டாளிகளின் பெயர் கேட்டார்கள். தெருத் தெருவாக எடுத்து, இந்தத் தெருவில் யார், அந்தத் தெருவில் யார் என்று சொல்ல வைத்தார்கள். இதையெல்லாம் மகள் வெரோனிகாவுக்கு ஒரு கடிதமாக எழுதினார். குற்றமற்றவனாக உள்ளே வந்தேன், குற்றமற்றவனாக வதைபட்டேன், குற்றமற்றவனாகச் சாகப்போகிறேன் என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை எழுதப் பல நாட்கள் எடுத்ததாம். கைகள் முடமாகியிருந்தன.

தெருத் தெருவாக ஆள் காட்டச் சொன்ன அந்த வரியைக் கிழக்கு மாகாணத்தில் வளர்ந்த ஒருவர் நானூறு வருடத்துக்கு முந்திய செய்தியாக வாசிக்க மாட்டார். போர்க் காலத்தில், இராணுவத்தின் சுற்றிவளைப்பு நாட்களில் ஊர் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்துவார்கள். கண்ணுக்கு மட்டும் துளையிட்ட சாக்கை முகத்தில் போட்ட ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். தலையாட்டி என்பது அவனுக்கு நாம் வைத்த பெயர். அவன் தலை ஆடினால் ஆள் போனது. அவன் யார், எதைக் கண்டான், அவனை யார் அடித்து அங்கே கொண்டுவந்தார்கள் என்று கேட்க வழியில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேரும் திரும்பவில்லை. மறுபுறத்தில், ஆயுத இயக்கங்களால் துரோகி என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன விசாரணை நடந்தது என்று அந்த நாட்களில் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் அடுத்த அட்டை கேட்டவர் கழுத்தில். இரண்டையும் ஒரே பந்தியில் எழுதுவது சிலருக்குப் பிடிக்காது. இரண்டு வகை வீட்டிலும் அழுத தாய்மாரை நான் கண்டிருக்கிறேன், பிரித்து எழுத மனம் வரவில்லை.

நாட்டின் பொதுச் சட்டத்தில் இதற்கு ஒரு காப்பு இருக்கிறது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாக்க முடியாது. அடித்து வாங்கிய வார்த்தைக்கு விலையில்லை என்ற அறிவு அதில் இருக்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் காப்பைக் கழற்றியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்றது. வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று காட்டும் பொறுப்பையும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே வைத்தது. மூடிய அறைக்குள் நடந்ததை உள்ளே கிடந்தவன் எப்படி நிரூபிப்பான்?

வேட்டைகள் எப்படி நின்றன என்பதுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. அவற்றை நிறுத்தியவர்களில் ஒருவர் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தார். அலோன்சோ தெ சலசார் ஃபிரியாஸ் ஸ்பெயினின் மத விசாரணை மன்றத்து நீதிபதி. வடக்கே லொக்ரோனியோவில் 1610இல் ஆறு பேரை உயிரோடு எரித்து, சிறையில் செத்த ஐவரின் உருவ பொம்மைகளையும் எரித்த மன்றத்தில் அவரும் இருந்தார். அடுத்த ஆண்டு மலைக் கிராமங்களுக்கு நேரில் போனார். மாதக்கணக்கில் சுற்றினார். சுமார் 1,800 பேர் அவரிடம் வாக்குமூலம் கொடுத்தார்கள், பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். சலசார் செய்த வேலை எளியது. சூனியக்காரிகள் கூடும் இடம் எது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துக் கேட்டார். ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். ஒரு பண்டிகை இரவில் இந்தப் புல்வெளியில் கூடினோம் என்றார்கள், அதே இரவு அதே புல்வெளியில் அவருடைய எழுத்தர்கள் நின்றிருந்தார்கள், ஒரு குருவியும் வரவில்லை. பறப்பதற்குப் பூசும் மை என்று 22 பானைகள் பிடிபட்டிருந்தன. சோதித்துப் பார்த்தார். வற்புறுத்தலுக்குப் பயந்து வீட்டுப் பொருட்களைக் கலந்து செய்த பொய்ச் சரக்கு.

இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும் வரை இந்த ஊர்களில் சூனியக்காரியும் இல்லை, சூனியம் பட்டவரும் இல்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். கூட இருந்த இரு நீதிபதிகளும் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1614இல் மேலிடம் அவர் பக்கம் சாய்ந்து புதிய விதிகளை வகுத்தது. அந்த மன்றத்தில் சூனியத்துக்காக ஆளெரிப்பது அதோடு ஏறக்குறைய முடிந்தது. ஊருக்கு வெளியே இருந்து வரும் ஒருவர், ஊர்க்கோபத்தில் பங்கில்லாத ஒருவர், கோப்பை மறுபடி திறந்து பார்க்க அதிகாரம் பெற்றிருந்த இடங்களிலெல்லாம் சாவு குறைந்தது.

அம்பாறையில் 2018 பெப்ரவரி 26 இரவு அப்படி ஒருவர் வரும் வரை காத்திருக்கப் பொறுமையில்லை. நகரத்தில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறியில் ஒரு கட்டி இருப்பதைச் சாப்பிட வந்தவர் கண்டார். சிங்களப் பெண்களை மலடாக்க முஸ்லிம்கள் உணவில் மாத்திரை கலக்கிறார்கள் என்ற பேச்சு முகநூலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. காசுப் பெட்டியில் இருந்தவரைச் சூழ்ந்துகொண்டு, மருந்து போட்டாய்தானே என்று கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. மாவுக் கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணி, போட்டோம் என்பது போல ஏதோ சொன்னார். அதைக் கைபேசியில் பிடித்தார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, அந்தக் காணொளி நாடெங்கும் ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவியது. ரெபெக்கா நர்ஸுக்குக் கேள்வி காதில் விழவில்லை, இவருக்குக் கேள்வி விளங்கவில்லை. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகனவில் வேறொரு காரணத்தால் வன்முறை வெடித்தபோது இந்தக் காணொளியும் அதற்கு எண்ணெய் ஊற்றியது. மார்ச் 6 அன்று அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது.

அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைச் சோதித்தார். மாவு. அப்படி ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். அறிக்கை வந்தபோது கடையின் கண்ணாடிகள் உடைந்து பல நாட்கள் ஆகியிருந்தன. 2018 வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது.

2011 ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய ஆள் இரவில் வருகிறான் என்ற கிறீஸ் பூதப் பீதி கிழக்கில் பரவியபோது நாமும் பொல்லும் டோர்ச்சுமாக இரவிரவாகக் காவலிருந்தோம். பெண்களை யாரோ தாக்கியதாக வந்த முறைப்பாடுகளைப் பொலிஸ் அசட்டை செய்தது என்ற கோபம் நியாயமானது. ஆனால் அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் அகப்பட்டவர் மனநிலை சரியில்லாத ஒரு வழிப்போக்கர். அவரை வேப்ப மரத்தில் கட்டியிருந்ததைக் கண்டேன். கிராம சேவையாளர் ஓடிவந்து, பெயரென்ன, எந்த ஊர் என்று பக்குவமாக விசாரித்து, அவர் சொன்ன ஊருக்குத் தொலைபேசி எடுத்து அண்ணனை வரவழைத்தபடியால் அவர் பிழைத்தார். புத்தளத்தில் கூட்டத்தின் கையில் அகப்பட்ட ஒரு பொலிஸ்காரர் பிழைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொய்க் குற்றச்சாட்டு என்ற சொல் நம் ஊர்களில் பலமுறை தவறான கைகளில் இருக்கிறது. பிள்ளையொன்று தனக்கு நடந்ததை அழுதுகொண்டு சொன்னால், மானம் போய்விடும் என்று வாயை மூடி, பொய் சொல்கிறது என்று முடித்துவிடும் பெரியவர்கள் உண்டு. சேலத்தின் பாடத்தை அவர்களுக்குச் சாட்டாகக் கொடுக்க நான் தயாரில்லை. என் கையில் வெற்றிலை இருந்தபோது நான் எதையும் முறைப்பாடு செய்யவில்லை. என் வாயிலிருந்து ஒரு விடையை வரவழைத்தார்கள். தானாக வந்து சொல்லும் பிள்ளையின் பேச்சை, சொல்லிக் கொடுக்காமல், பயமுறுத்தாமல், முழுவதும் கேட்டுப் பதிந்து, பிறகு விசாரிக்க வேண்டும். சலசார் செய்ததும் அதுதான். அவர் யாரையும் பேசவிடாமல் தடுக்கவில்லை. 1,800 பேரையும் இருந்து கேட்டார்.

வைகாசி பிறந்தால் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று எங்கள் கரை நெடுகிலும் கண்ணகை அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். கண்ணகி வழக்குரை என்ற பாடலைப் பாடுவார்கள். கோவலன் வெட்டுண்ட இடம் வரும்போது கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள், நானும் அழுதிருக்கிறேன். ஒரு தட்டான் சொன்ன சொல்லைக் கேட்டு விசாரியாமல் கொன்ற அரசனின் கதை அது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி அவனைத் தேரா மன்னா என்று அழைக்கிறாள். தேராதவன், ஆராய்ந்து பாராதவன். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கோவலனிடம் எடுத்த சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடி அரசனுக்குக் கோவலன் செத்த பிறகு வாய்த்தது. எங்கள் வீட்டில் மை பார்த்த சித்திரைக்கு அடுத்த மாதமும் அம்மனின் குளிர்த்திச் சடங்குக்குப் போனோம். அம்மம்மா வழக்குரை கேட்டு அழுதார். மாமி அன்று கோயிலுக்கு வரவில்லை.

சேலத்தில் குற்றம் சாட்டியவர்களில் ஒருத்தி ஆன் பட்னம், அப்போது 12 வயது. பதினான்கு வருடங்கள் கழித்து, 1706இல், தேவாலயத்தில் எழுந்து நிற்க அவளுடைய மன்னிப்பை மதகுரு வாசித்தார். சாத்தானின் ஏமாற்று என்று அதில் சொல்லியிருந்தாள். பாரத்தைச் சாத்தான் தலையில் இறக்கியது எனக்கு உவப்பில்லை. ஆனாலும் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் இருந்த சபையில் எழுந்து நின்றாளே, அது பெரிது. 1711இல் குடியேற்ற அரசு குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தது. தண்டிக்கப்பட்டவர்களில் எலிசபெத் ஜோன்சன் என்ற பெண்ணின் பெயர் மட்டும் பட்டியல்களில் விடுபட்டுப்போய், 2022இல்தான் குற்றத்திலிருந்து நீக்கப்பட்டது. ஒரு பெயரைத் துடைக்க 329 வருடங்கள்.

அம்மம்மாவின் காப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மாமியின் பெயர் ஒரே நாளில் துடைபட்டிருக்கும். அவர் அடுத்த வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போய்விட்டார், பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் களுவாஞ்சிகுடிச் சந்தையில் அவருடைய மகளைக் கண்டேன். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார். வெற்றிலையில் நான் ஒன்றையும் காணவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பையை நிலத்தில் வைத்தார். "இதை அம்மம்மாவிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. அம்மம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார்.